கிராதிப் பாலமும் இரு சக்கரமும்

முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். உராய்வு என்னும் பாடம் வரும்போதெல்லாம் மேசைமேல் ஒரு மரக்கட்டையை வைத்து, வில்தராசினால் இழுத்துக் காட்டுவேன். பின்னர் மேசையில் நீர் தெளித்து மறுபடியும் இழுப்பேன். "ஈரமான வழுவழுப்பான பரப்பில் உராய்வு குறையும், அங்கே திடீரென விசையைச் செலுத்தலாகாது" என்று கரும்பலகையில் எழுதுவேன். மாணவர்கள் படியெடுத்துக்கொள்வார்கள். இத்தனையும் செய்தவனே 1996-ஆம் ஆண்டு ஐப்பசியில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில், ஈர இரும்பின்மேல் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கை இறுகப் பிடித்து, பின்னால் அமர்ந்திருந்த மனைவியோடு கீழே விழுந்தேன்.

உறவினர் இல்லத் திருமணத்திற்காக நிலக்கோட்டையிலிருந்து விடியுமுன்பே புறப்பட்டிருந்தோம். வழியில் ஒரு வாய்க்கால் பாலம் பழுதுபட்டிருந்தமையால், அதன் பக்கத்தில் இரும்புக் கிராதிகளை வரிசையாகப் பரப்பித் தற்காலிகப் பாதை அமைத்திருந்தனர். காற்றும் வெளிச்சமும் வருவதற்காக வீட்டு முன்கட்டில் கம்பிக் கிராதி வைக்கிறோமன்றோ? அதனைப் படுக்கவைத்து அதன்மேல் வண்டி விட்டால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. நீளம் இருபது அடிதான் இருக்கும். முன் சக்கரம் ஏறியதுமே கைப்பிடி இடமும் வலமுமாக நெளியத் தொடங்கிற்று. திடுக்கிட்டுக் கீழே நோக்கினேன். என் காலடியில் தளம் இல்லை, செந்நீர் சுழித்தோடியது. விரல்கள் தாமே மடங்கின. வண்டி படுத்துவிட்டது.

எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. மனைவிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுடன் வீடு திரும்பிய இரவு, "ஏன் அப்படிப் பிரேக்கைப் பிடித்தீர்கள்?" என்று கேட்டாள். "வண்டி ஆடியது, விழுந்துவிடுமோ என்று பிடித்தேன்" என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நாம் விழுந்தது வண்டி ஆடியதாலா, நீங்கள் பிடித்ததாலா?" என்றாள். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இயற்பியல் ஆசிரியனாகிய என்னிடம் அன்றிரவு விடை இல்லை. பிறகு தேடிப் படித்தும், பட்டும் அறிந்துகொண்ட விடையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஓர் ஐயம் எழக்கூடும். கண்ணுக்கு அச்சமும் சக்கரத்திற்குத் தொல்லையும் தருகின்ற இத்தகைய தளத்தைப் பொறியாளர்கள் ஏன் அமைக்கிறார்கள்? எங்கள் வாய்க்காலில் கிடந்தது அவசரத்திற்குச் செய்த ஏற்பாடு. ஆனால் அமெரிக்க நாட்டில் 1930-களிலிருந்து பெரும் பாலங்கள் பலவற்றில் கிராதித் தளங்களை விரும்பியே அமைத்திருக்கின்றனர். அதற்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை. ஒன்று எடை, மற்றொன்று காற்று.

எடையைப் பார்ப்போம். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோகிராம். 20 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் தளமாயின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 480 கிலோ நிற்கும். அதே பளுவைத் தாங்கவல்ல திறந்த இரும்புக் கிராதி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோவில் முடிந்துவிடும். 30 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தளத்திற்குக் கணக்கிட்டால், கான்கிரீட் 144 டன். கிராதி 30 டன். அசையாது நிற்கும் பாலத்திற்கே இது பெரிய வேறுபாடு. கப்பலுக்கு வழிவிடுவதற்காக மேலே தூக்கப்படும் பாலமாயின் சொல்லவே வேண்டியதில்லை.

தூக்குப்பாலத்தை விளக்க நம் தோட்டத்துத் துலா ஏற்றமே போதும். ஒரு நீண்ட மரத்தின் ஒரு முனையில் சால். மற்றொரு முனையில் கல்லைக் கட்டுவர், அல்லது ஆள் ஏறி நடப்பான். இரு புறமும் எடை ஒத்திருந்தால் சிறு விசையே போதும். பாலத்தின் கையை உயர்த்துவதற்கும் மறுமுனையில் அவ்வாறே எதிர் எடை வைக்கவேண்டும். தளத்தில் ஒரு டன் குறைந்தால் எதிர் எடையும் குறையும். தாங்கும் தூண், சுழற்றும் பொறி யாவும் சிறுத்துப் போகும். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஆற்றின் குறுக்கே இத்தகைய தூக்குப்பாலங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பலவற்றின் தளம் கிராதிதான்.

சிக்காகோவைச் சொல்லும்போது நம் நாட்டுப் பாம்பன் நினைவுக்கு வராமற் போகாது. அந்நகரத்துப் பொறியாளராகிய வில்லியம் ஷெர்சர் என்பவர், உருண்டு எழும் வகையைச் சேர்ந்த தூக்குப்பாலம் ஒன்றை வகுத்தார். அவர் 1893-இல் மறைந்துவிட்டார். அவர் பெயரால் வழங்கும் அவ்வமைப்பே 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பெற்ற பாம்பன் இரயில் பாலத்தின் நடுவில் பொருத்தப்பட்டது. கப்பல் வரும்போது ஆட்கள் கையால் நெம்பித் திருப்பியே அதன் இரு கைகளையும் உயர்த்தினர் என்றால், எதிர் எடையின் ஆற்றல் எத்தகையது என்பதை உணரலாம்.

பாம்பன் இரயில் பாலத்தில் சாலைத் தளம் எதுவும் இல்லை. தண்டவாளங்களும் அவற்றைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களும் உண்டு. சட்டங்களுக்கிடையே கடல் தெரியும். கொடைக்கானல் ரோடு நிலையத்தில் ஏறி, மதுரையில் வண்டி மாறி, ஆண்டுதோறும் மாணவர்களை இராமேசுவரத்திற்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். வகுப்பில் ஓயாது பேசும் பிள்ளைகள் அந்த இரண்டு கிலோமீட்டரிலும் வாய் திறந்து நான் கண்டதில்லை. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய பெரும் புயலில் அப்பாலத்தின் 145 தூலங்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. தூக்கும் பகுதி தப்பிநின்றது. 46 நாட்களில் பாலத்தைச் சீர்ப்படுத்திய பெருமை ஈ. ஸ்ரீதரன் தலைமையில் உழைத்தோரைச் சாரும். 2022 டிசம்பரில் அதன்மேல் இரயில் ஓடுவது நின்றது. செங்குத்தாக உயரும் நடுப்பகுதியைக் கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பெற்றது.

இனிக் காற்றுக்கு வருவோம். ஆடிக் காற்றில் ஒரு கையில் முறத்தையும் மறு கையில் சல்லடையையும் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றுபாருங்கள். முறம் கையைத் திருகும். சல்லடை சும்மா இருக்கும். இது பெண்டிர் யாவரும் அறிந்த செய்தி. பாலப் பொறியாளர்கள் இதனை மிகுந்த விலை கொடுத்துக் கற்றனர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நெருகடலின் குறுக்கே 1940 ஜூலை முதல் நாள் ஒரு தொங்குபாலம் திறக்கப்பட்டது. குறுகலான தளம், இரு மருங்கிலும் காற்று புகவொண்ணாத தகட்டுத் தூலங்கள். அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், மணிக்கு அறுபது கிலோமீட்டரைச் சற்றே கடந்த காற்றில், தளம் துணியைப் பிழிவதுபோல் முறுக்கிமுறுக்கி ஆடி நீரில் விழுந்தது. அதிலே சிக்கிய காரொன்றில் இருந்த ஒரு நாயைத் தவிர வேறு உயிர்ச்சேதம் இல்லை.

அந்த வீழ்ச்சியை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் டேவிட் ஸ்டைன்மன். மிச்சிகன் மாநிலத்தில், இரு பேரேரிகள் கூடும் இடத்தில் அவர் அமைத்த மாக்கினா பாலம் 1957 நவம்பர் முதல் நாள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. முழு நீளம் ஏறத்தாழ 8 கி.மீ. நடுவிடத்தில் தளம் நீருக்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தொங்கு பகுதியில் வெளிப்புறத் தடங்களுக்குத் தார்ப் பரப்பும், உட்புறத் தடங்களுக்குக் கிராதியும் அமைத்தார். கீழிருந்து மேலெழும் காற்று முட்டி நில்லாமல் கிராதி வழியே வெளியேறிவிடும். ஆகவே, ஓட்டுபவருக்கு அச்சமூட்டும் அந்த ஓட்டைகள்தாம் பாலத்தை அசையாமற் காக்கின்றன. இருந்தும், அப்பாலத்தைக் கடக்க அஞ்சுவோர் பலர். அவர்களுடைய வண்டியைத் தாமே ஓட்டிக் கொடுப்பதற்குப் பாலத்தை நிருவகிப்போர் ஊழியர்களை வைத்திருக்கிறார்கள். அச்சத்தை எள்ளி நகையாடாமல், அதற்கும் ஓர் ஏற்பாடு செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். கிராதியின்மேல் மோட்டார் சைக்கிள் ஏன் ஆடுகிறது?

மோட்டார் சைக்கிளின் டயர் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ உள்ளங்கை அளவே. தார்ச் சாலையில் அந்த உள்ளங்கை முழுவதும் பதிந்திருக்கும். கிராதியிலோ சில கம்பிகளின் விளிம்புகளில் மட்டுமே அது நிற்கிறது. டயரில் வெட்டப்பட்ட பள்ளங்களும் கம்பி விளிம்புகளும் ஒன்றையொன்று பற்ற முயல்கின்றன. ஒரு விளிம்பு சக்கரத்தை இம்மியளவு இடப்புறம் தள்ளும். அடுத்தது வலப்புறம் தள்ளும். இந்தச் சிறு தள்ளல்களே கைப்பிடியில் நெளிவாகத் தெரிகின்றன.

தள்ளப்பட்ட சக்கரம் அப்படியே திரும்பிப் போய்விடாதோ என்று கேட்பீர்கள். போகாது. மருத்துவமனையில் நோயாளியைக் கொண்டுசெல்லும் தள்ளுகட்டிலின் சிறு சக்கரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டிலைத் தள்ளியவுடன் அவை தாமே சுழன்று, தாங்கும் தண்டுக்குப் பின்னே வந்து நேராக நிற்கும். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரமும் அத்தன்மையதே. கைப்பிடி திரும்பும் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னே சென்று தரையைத் தொடும். ஆகவே டயரின் தொடுமிடம் எப்போதும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டுவருகிறது. சக்கரம் சிறிது கோணினால், தரையின் உராய்வே அதனை நேர்வழிக்கு மீட்டுவிடும். கிராதியில் ஒவ்வொரு கம்பியும் கோணச்செய்கிறது. ஒவ்வொரு முறையும் சக்கரம் தன்னை மீட்டுக்கொள்கிறது. அந்த ஆட்டம் விழுவதன் தொடக்கமன்று. விழாமலிருப்பதற்காக வண்டி தானே செய்துகொள்ளும் வேலை அது.

இதனை அறியாத ஓட்டுநர் என்ன செய்கிறார்? கைப்பிடியைக் கட்டிப்போடுவதுபோல் இறுக்குகிறார். அப்போது சக்கரத்தின் சிறு நெளிவு அவருடைய முறுக்கேறிய கைகள் வழியாக அவர் உடலுக்கும், உடல் வழியாக வண்டி முழுமைக்கும் பரவுகிறது. தன்னைத் திருத்திக்கொள்ளவிருந்த சக்கரத்தைத் திருந்தவிடாமல் அவரே தடுத்துவிடுகிறார்.

அதனினும் தீயது பிரேக். ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 40 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 11 மீட்டர். உலர்ந்த தார்ச் சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்று கொண்டால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து 9 மீட்டரில் வண்டி நின்றுவிடும். நனைந்த வழுவழுப்பான இரும்பில் கெழு 0.2 ஆகக் குறைவதாகக் கொள்வோம். நிற்பதற்கு 31 மீட்டர் வேண்டும். அதற்குள் நிறுத்திவிட முயன்று அழுத்தினால் சக்கரம் சுழல்வதை நிறுத்திச் சறுக்கும். சறுக்கும் சக்கரத்திற்குத் தன்னை நேராக்கிக்கொள்ளும் ஆற்றலும் இல்லை. பக்கவாட்டில் பிடிப்பும் இல்லை. என் வண்டி படுத்தது இவ்வாறுதான். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் 125 சி.சி.க்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளில் ஏபிஎஸ் என்னும் பூட்டுத்தடுப்பு பிரேக் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும். ஆனால் இரும்பில் இல்லாத உராய்வை அது எங்கிருந்து கொண்டுவரும்? இதனை மறந்துவிட்டு, "என் வண்டியில்தான் ஏபிஎஸ் இருக்கிறதே ஐயா" என்று சொல்லும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணும் காதும் செய்யும் குறும்பையும் சொல்லவேண்டும். மின்விசிறி விரைந்து சுழல்கையில் இறக்கைகள் மறைந்து அப்பாலுள்ள கூரை தெரிகிறது. அதுபோலவே வண்டியின் வேகத்தில் கிராதிக் கம்பிகள் கலங்கி மறைந்துவிடும். தளமே இல்லாததுபோல் கீழேயுள்ள நீர் மட்டும் தெளிவாகத் தெரியும். நின்று பார்த்தால் தெரியும் கம்பி, ஓடும்போது தெரியாது. அத்துடன் ஓசை வேறு. கம்பிகள் 10 செ.மீ. இடைவெளியில் இருப்பின், நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் செல்லும் டயர் 110 முறை தட்டுப்படும். அத்தனை தட்டுகளையும் காது தனித்தனியே கேளாது. தாழ்ந்த சுருதியில் ஒரே ரீங்காரமாகக் கேட்கும். வேகம் கூடினால் சுருதி ஏறும். ஏதோ உடையப்போவதாகத் தோன்றும். உண்மையில் உங்கள் டயர் ஓர் இசைக்கருவியாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே கிராதியை அணுகும்போது, அதில் ஏறுமுன்பே தார்ச் சாலையில் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஏறியபின் குறைக்கவும் வேண்டா, கூட்டவும் வேண்டா. மிகவும் மெதுவாக ஊர்வதும் தவறு. ஊரும் சைக்கிள் தள்ளாடுவதை நீங்கள் அறிவீர்கள். கைகளைத் தளர்த்தி, தொடைகளால் பெட்ரோல் டாங்கை அணைத்துப் பிடிக்கவேண்டும். பார்வை பாலத்தின் மறுகரையில் இருக்கவேண்டும், சக்கரத்தின் கீழே அன்று. முன் செல்லும் வண்டியை நெருங்காதீர்கள். அவர் அஞ்சி நின்றால் உங்களால் நிற்க முடியாது. ஈரம் மிகுந்திருந்தாலோ, மனம் ஒப்பாவிட்டாலோ, பின்னிருப்பவரை இறக்கிவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போகலாம். எங்கள் வாய்க்காலில் நான் அதைச் செய்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திராது.

முழுக் கிராதித் தளம் கொண்ட பெரும் சாலைப்பாலங்கள் நம் பக்கத்தில் அரிது. ஆனால் சாலையில் இரும்பு குறுக்கிடும் இடங்கள் அரிதல்ல. இரயில் கடவு, மதகின் மேற்பாதை, சாக்கடை மூடி ஆகியவை நாள்தோறும் எதிர்ப்படுபவை. வெள்ளம் கொண்டுபோன பாலத்திற்கு மாற்றாகப் படையினர் பூட்டும் பெய்லி பாலமும் இவ்வினத்தது. 2024 ஜூலை 30-இல் வயநாட்டுச் சூரல்மலையில் நிலச்சரிவு நேர்ந்தபோது, மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பைச் சேர்ந்த படையினர் இரவு பகலாக உழைத்து, 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தை ஆகஸ்ட் முதல் நாளே முடித்தனர். கான்கிரீட் இறுகும்வரை காத்திருக்க முடியாத இடத்தில் இரும்பையன்றி வேறெதை நாடுவது?

பாம்பனில் இரயில் பாலத்திற்கு அருகே நிற்கும் சாலைப்பாலமும் இக்கணக்கில் சேரும். அதன் நீளம் 2.345 கி.மீ. 1988 அக்டோபர் 2-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதனைத் திறந்துவைத்தார். தளம் கான்கிரீட்தான். ஆனால் கான்கிரீட் வெயிலில் நீளும். ஒரு மீட்டர், வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறிலொரு பங்கு நீளும். இது அற்பம் என்று எண்ணவேண்டா. 2,345 மீட்டர் நீளத்தை 20 பாகை வெப்பத்தால் பெருக்கிப்பாருங்கள், 47 செ.மீ. வரும். அந்த அரை மீட்டருக்கு இடம் கொடுக்காவிட்டால் தளம் வெடிக்கும். அதனால் துண்டு துண்டாகத் தளம் அமைத்து, இடையிடையே இரும்பினாலான விரிவு இணைப்புகளை வைக்கிறார்கள். கடற்காற்றின் உப்பு ஈரம் அவ்விரும்பின்மேல் படியும். மழை நாளில் அவை நன்றாக வழுக்கும். பாலத்தின் நடுவே வண்டிகளை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு நிற்போரைக் காணும்போது எனக்குப் பழைய பிரம்பின் நினைவு வருகிறது. அவர்களைக் கண்டு திடுக்கிட்டுப் பிரேக் பிடிப்பவன் அந்த இணைப்பின்மேல்தானே பிடிப்பான்?

2004 தை மாதத்தில் நானும் மனைவியும் என் பழைய என்ஃபீல்டு புல்லட்டிலேயே இராமேசுவரம் சென்றோம். உறவினர் தடுத்தனர். அவள்தான், "அன்றைக்கு விழுந்த காரணம் தெரிந்துவிட்டதென்றால் போகலாம்" என்றாள். மண்டபத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்: இணைப்புகளில் வண்டி தடக்கென்று துள்ளும், அஞ்சவேண்டா, உடம்பைச் சாய்க்காமல் அமர்ந்திருக்கவேண்டும். "இணைப்புகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வா" என்றும் சொன்னேன். எண்ணுகிற மனம் அஞ்சாது என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்த உபாயம்.

பாலத்தில் காற்று பலமாக இருந்தது. வேகத்தை முன்னரே குறைத்திருந்தேன். ஒவ்வோர் இணைப்பிலும் கைப்பிடி சற்றே துள்ளித் தானாகவே நேராயிற்று. என் விரல்கள் பிரேக்கைத் தொடவில்லை. அவள் இடது கை என் தோளில் இருந்தது. முதலில் அழுத்தமாக இருந்த பிடி போகப்போகத் தளர்ந்தது. அக்கரையில் இறங்கி வண்டியை நிறுத்தி, "எத்தனை?" என்று கேட்டேன்.

"பாதியில் விட்டுவிட்டேன். பக்கத்துப் பாலத்தில் ரயில் வந்தது, அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்" என்றாள்.